கணக்கில் அடங்காத மேகம்

1967ஆம் ஆண்டு சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெத்தரால்டும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வரும் பூமிக்குக் கண்டங்கள் இல்லை; கடல்கள் இல்லை; இரவு பகல்கூட இல்லை. தரையிலிருந்து நேர்மேலே எழும் ஒரே ஒரு காற்றுத் தூண்தான் அங்கே உண்டு. அதனுள் சூரிய ஒளி இறங்குகிறது. தரை சூடேறி வெப்பக் கதிர்களை மேலே அனுப்புகிறது. நீராவியும் கரியமில வாயுவும் ஓசோனும் அக்கதிர்களில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கின்றன. மிதமிஞ்சிச் சூடான காற்று மேலெழுந்து வெப்பத்தைப் பரப்புகிறது. இவ்வளவுதான் அந்த மாதிரி. இந்தத் தூணில் கரியமில வாயுவைப் பத்து லட்சத்தில் 300 பங்கிலிருந்து 600 பங்காக உயர்த்தினால் தரையின் வெப்பம் எவ்வளவு கூடும் என்று இருவரும் கேட்டார்கள். சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் என்று விடை வந்தது.

அதற்கு 71 ஆண்டுகள் முன்பே, 1896இல், ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் இதே கேள்வியைக் கையால் கணக்கிட்டு 5 முதல் 6 டிகிரி என்று விடை கண்டிருந்தார். மனாபேயின் விடை எண்ணளவில் அதைவிடச் சிறியது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த காரண அடுக்குதான் இன்றைய பருவநிலை ஆய்வுக்கு அடித்தளமாயிற்று. காற்று சூடாகும்போது அது தாங்கும் நீராவியும் கூடுகிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. நீராவியே ஒரு வெப்பம் பிடிக்கும் வாயு. ஆகவே கரியமில வாயு தொடங்கிவைக்கும் சூட்டை நீராவி பெருக்கிவிடுகிறது. மனாபே காற்றின் ஈரப்பத விகிதம் மாறாது என்று வைத்துக் கணக்கிட்டபோது 2.3 டிகிரி வந்தது. நீராவியின் மொத்த அளவே மாறாது என்று வைத்தபோது 1.3 டிகிரிதான் வந்தது. இடையிலுள்ள அந்த ஒரு டிகிரி முழுக்க நீராவியின் வேலை.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது. கரியமில வாயு கூடினால் தரையை ஒட்டிய வளிமண்டலம் சூடாகும். அதற்கு மேலே உள்ள அடுக்கு மண்டலமோ குளிரும். அப்போது இதைச் சரிபார்க்க வழியில்லை. செயற்கைக்கோள்கள் உலகளாவிய அளவில் மேலடுக்குகளின் வெப்பத்தை அளக்கத் தொடங்கியது 1970களின் கடைசியில்தான். அளந்தபோது அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஓசோன் இழப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் மேலே செல்லச் செல்லக் கரியமில வாயுவின் பங்கே பெரிது. பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்று வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும்.

ஒரு மாதிரியை எதைக்கொண்டு நம்புவது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: அளவீடு வருவதற்கு முன்பே அது சொன்னது என்ன? கடந்த காலத்தோடு ஒத்துப்போகும்படி ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வது கடினமல்ல. யாரும் பார்த்திராத ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, பிறகு இயற்கை அதை ஆமோதிக்கக் காத்திருப்பதே கடினம்.

மனாபேயின் ஆய்வுக்கூடமான புவி இயற்பியல் பாய்ம இயக்கவியல் ஆய்வகம் இத்தகைய காத்திருப்பில் பல முறை வென்றிருக்கிறது. 1969இல் மனாபே கடலியலாளர் கிர்க் பிரையனுடன் சேர்ந்து வளிமண்டலத்தையும் கடலையும் முதன்முறையாக ஒரே கணக்கில் இணைத்தார். அந்த மரபில் 1989இல் ரொனால்டு ஸ்டௌஃபர், மனாபே, பிரையன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயு படிப்படியாகக் கூடும்போது வடகோளம் வேகமாகச் சூடேறும் என்றும், அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடல் மிக மெதுவாகவே சூடேறும் என்றும் கூறியது. அங்கே கடலின் மேற்பரப்பு நீர் ஆழத்தோடு இடைவிடாமல் கலப்பதால் வெப்பம் உள்ளே இறங்கிவிடுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளின் வரைபடங்களும் அப்படியேதான் அமைந்தன. 2021இல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது, பருவநிலைக் கணக்கு இயற்பியலாகுமா என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லப்பட்டுவிட்டது.

நமக்கு இருப்பது ஒரே பூமி. கரியமில வாயு கூடாத இன்னொரு பூமியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அரிதாக இயற்கையே ஒரு சோதனையை நடத்திக் காட்டுகிறது. 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாடூபோ எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் அதிகமான கந்தக டை ஆக்சைடை அடுக்கு மண்டலத்துக்குள் வீசியது. அது நுண்துளிகளாகி உலகைச் சுற்றிப் பரவி, சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியது. நாசாவின் ஜேம்ஸ் ஹான்சென் குழு உடனே தன் மாதிரியை ஓட்டி, 1992இன் கடைசியில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி குறையும் என்று 1992 ஜனவரியிலேயே அச்சில் வெளியிட்டது. குறைந்தது, பிறகு மீண்டது. இன்னும் நுட்பமான சோதனை பத்தாண்டு கழித்து வந்தது. 2002இல் பிரையன் சோடனும் அதே வெத்தரால்டும் வேறு இருவரும் அந்த எரிமலைக் காலத்தை மாதிரியில் மறுபடி ஓட்டினார்கள். நீராவியின் பெருக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கியபோது, அளக்கப்பட்ட அளவுக்குக் குளிர்ச்சி வரவில்லை, சேர்த்தபோது வந்தது. 1967இல் ஒற்றைத் தூணில் வைத்துப் பார்த்த நீராவியின் பங்கு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் உண்மையான வானத்தில் மெய்யாயிற்று.

1970 முதல் 2007 வரை வெளியான மாதிரிகளின் 17 கணிப்புகளை ஸீக் ஹவுஸ்ஃபாதரும் சக ஆய்வாளர்களும் பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். பத்துக் கணிப்புகள் அளவீட்டோடு பொருந்தின. மனிதர்கள் எவ்வளவு வாயுவை வெளியேற்றுவார்கள் என்பதைப் பழைய ஆய்வாளர்கள் தவறாக ஊகித்த வேறுபாட்டைச் சரிசெய்தபோது 14 பொருந்தின. உலகின் சராசரி வெப்பத்தைப் பொறுத்தவரை, இந்த மாதிரிகளை நம்ப மறுப்பவர் அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

உலகின் சராசரியை விட்டு இறங்கி, ஓர் ஊரின் வானத்தை நோக்கி வரும்போதுதான் இடர் தொடங்குகிறது.

மாதிரிக்குள் பூமி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1922லேயே பிரித்தானியர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் எழுதிவைத்த உத்தி அது: ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றின் அழுத்தம், வெப்பம், வேகம், ஈரம் ஆகியவற்றைக் குறித்து, அண்டைக் கட்டத்தோடு அவை எப்படிப் பரிமாறிக்கொள்கின்றன என்று நிமிடக்கணக்கில் கணக்கிட்டுக்கொண்டே போவது. இன்று நூற்றாண்டுக்கணக்கில் ஓட்டப்படும் உலக மாதிரிகளில் ஒரு கட்டம் பொதுவாக 100 கிலோமீட்டர் அளவு அகலம். ஒரு மேகமோ ஒரு கிலோமீட்டர் இருக்கலாம். நூறு மீட்டர்கூட இருக்கலாம். கட்டத்தின் பாதி மேகமூட்டமாகவும் பாதி தெளிவாகவும் இருப்பதை மாதிரி காண முடியாது. இந்த அளவு ஈரமும் இந்த அளவு எழுச்சியும் இருந்தால் இவ்வளவு மேகம் என்று ஒரு சுருக்க விதியை எழுதி வைக்கிறார்கள். அந்த விதிகளை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தனித்தனியே எழுதுகிறது.

அந்த விதியில் சிறு பிசகு நேர்ந்தாலும் விளைவு எவ்வளவு பெரிது என்பதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் நம்மவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து அமெரிக்கா சென்ற வீரபத்ரன் இராமநாதன், 1975இல் குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களும் பூமியைச் சூடாக்கும் என்று கண்டுபிடித்தவர். 1989இல் அவர் தலைமையில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்து மேகங்களின் கணக்கை வரைந்தது. மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிக் குளிர்விப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 வாட். பூமியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்திச் சூடாக்குவது 31 வாட். நிகரமாகச் சுமார் 13 வாட் குளிர்ச்சி. கரியமில வாயு இரட்டிப்பானால் கூடும் வெப்பமூட்டல் ஏறக்குறைய 4 வாட்தான். மேகங்கள் கொஞ்சம் குறைந்தாலோ கொஞ்சம் உயரத்துக்குப் போனாலோ விடை பெரிதாகப் புரளும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

1979 ஜூலையில் ஜூல் சார்னி தலைமையிலான குழு மனாபே, ஹான்சென் இருவரின் மாதிரிகளையும் ஆராய்ந்து, கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரும் என்றது. அந்த இடைவெளி நாற்பது ஆண்டுகள் பெரிதாகக் குறுகவேயில்லை. கணினிகளின் வேகம் கோடிக்கணக்கான மடங்கு பெருகியும் விடை அங்கேயே நின்றது. முதன்மைக் காரணம் மேகம். குறிப்பாக, பெரு, கலிஃபோர்னியா, நமீபியா கரைகளை ஒட்டிக் கடலின் மேல் தாழ்வாக விரிந்து கிடக்கும் மேகப் பரப்புகள். கடல் சூடானால் அவை கலைந்துபோகுமா, எவ்வளவு கலையும் என்பதில் மாதிரிக்கு மாதிரி விடை வேறு.

2019 வாக்கில் ஓர் அதிர்ச்சி வந்தது. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கைக்காக உலகின் ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய புதிய மாதிரிகளில் பல, இரட்டிப்பான கரியமில வாயுவுக்கு 5 டிகிரிக்கும் மேல் காட்டின. மொத்த வீச்சு 1.8 முதல் 5.6 வரை. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலின் மேகங்களில் உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகளைப் புதிய மாதிரிகள் முன்பைவிட நன்றாகக் கையாண்டன. அந்தத் திருத்தமே வெப்பத்தை உயர்த்திய காரணங்களுள் ஒன்று. ஒரு பகுதியைச் சரிசெய்தபோது, அதுவரை ஒன்றையொன்று ஈடுசெய்துவந்த பிழைகளின் சமநிலை குலைந்திருக்கலாம். ஆய்வாளர்கள் கடந்த காலத்தை நோக்கித் திரும்பினார்கள். அமெரிக்காவின் சூடான மாதிரி ஒன்றை 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தின் நிலைமைகளோடு ஓட்டினால், மண்ணும் கடற்படிவுகளும் சொல்வதைவிட மிக அதிகமாகப் பூமி உறைந்துபோயிற்று. கரியமில வாயுவுக்கு இவ்வளவு கூர்மையான உணர்திறன் உண்மையாக இருக்க முடியாது. 2020இல் மேற்கு அட்லாண்டிக்கில் பார்படோஸ் அருகே சாந்திரின் போனியும் பியோர்ன் ஸ்டீவன்ஸும் முன்னின்று நடத்திய களப்பணியில் விமானங்களும் கப்பல்களும் சிறு மேகங்களை நேரடியாக அளந்தன. மிகச் சூடான மாதிரிகள் சொன்ன அளவுக்கு அந்த மேகங்கள் கலையவில்லை என்று பின்னர் வெளிவந்த முடிவுகள் காட்டின. 2021இல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கை மாதிரிகளை அப்படியே சராசரி எடுக்காமல், அளவீடுகளையும் பழங்காலச் சான்றுகளையும் சேர்த்து, 2.5 முதல் 4 டிகிரிக்குள் இருக்கக்கூடும், சிறந்த மதிப்பீடு 3 என்றது. நாற்பதாண்டு இடைவெளி கடைசியில் குறுகியது. குறுக்கியதில் பெரும்பங்கு அளவீட்டுக்கு.

இப்போது நம் பருவமழைக்கு வருவோம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய மாதிரி, ஐ.பி.சி.சி. அறிக்கைக்கான உலகளாவிய மாதிரி ஒப்பீட்டில் பங்கேற்ற முதல் தெற்காசிய மாதிரி. இரா. கிருஷ்ணன், பி. ஸ்வப்னா முதலியோர் பல ஆண்டுகள் உழைத்த வேலை அது. ஒரு பருவத்தின் மழையை முன்னறிவிக்க அமெரிக்கர்கள் எழுதிய மாதிரிதான் அதன் தொடக்கம். சில மாதங்கள் ஓடி நிற்கும் கணக்கில், உள்ளே வரும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் சிறு வேறுபாடு இருந்தால் யாருக்கும் தெரியாது. நூற்றாண்டுக்கணக்கில் ஓட்டினால், மாதாந்தரக் குடும்பக் கணக்கில் விட்டுப்போன சில்லறை பல தலைமுறைக்குச் சேர்ந்ததுபோல், கடலே தவறான வெப்பநிலைக்கு நகர்ந்துவிடும். அந்தக் கசிவை அடைப்பதிலேயே பெரும் உழைப்பு போயிற்று. கடல் பகுதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, மனாபேயின் ஆய்வகத்தில் கிர்க் பிரையன் தொடங்கிய கடல் கணக்கின் வழித்தோன்றல். 1969இன் அந்த வேலை இப்படிப் புனே வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த மாதிரியின் வளிமண்டலக் கட்டம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம். குறுக்கே பல இடங்களில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30, 40 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் கொச்சியும், அதில் கால் பங்கையே காணும் கோவையும் இப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். மலை ஒரு தாழ்ந்த மேடாகத் தட்டையாகிறது; மழை மறைவு என்ற ஒன்றே மறைந்துபோகிறது. ஆனைமலையின் இந்தப் பக்கம் விவசாயம் செய்பவருக்கு வாழ்வு முழுவதையும் தீர்மானிக்கும் வேறுபாடு அது.

மழையின் அளவிலும் ஒரு முரண் நெடுநாள் உறுத்தியது. பூமி சூடாகும்போது தென்மேற்குப் பருவமழை கூடும் என்றே பெரும்பாலான மாதிரிகள் சொல்கின்றன. காற்றில் நீராவி கூடுகிறது அல்லவா? ஆனால் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951க்கும் 2015க்கும் இடையில் இந்தியாவின் கோடைப் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது. கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு தெளிவாகத் தெரிந்தது. மாதிரிகள் தோற்றுவிட்டன என்று இதைக் கொள்ள வேண்டியிருந்திருக்கும், அவை செய்யும் மிகப் பயனுள்ள வேலை ஒன்று இல்லாவிட்டால்: காரணங்களைத் தனித்தனியே பிரித்து ஓட்டிப் பார்ப்பது.

1999இல் இராமநாதனும் பால் குருட்ஸனும் வழிநடத்திய இந்தியப் பெருங்கடல் பரிசோதனை, குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து கடல்மேல் விரியும் பழுப்புப் புகைப் படலத்தை விமானங்களிலும் கப்பல்களிலும் மாலத்தீவு நிலையத்திலும் அளந்தது. கரிப்புகை, கந்தக நுண்துகள், விறகடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து சூரிய ஒளியைத் தடுத்தன. நிலமும் வட இந்தியப் பெருங்கடலும் சூடேறுவது தடைப்பட்டால் பருவக்காற்றை இழுக்கும் வெப்ப வேறுபாடும் தளரும். 2011இல் மாசிமோ பொல்லாசினா, யி மிங், வெ. இராமசாமி மூவரும் இதை மாதிரியில் சோதித்தார்கள். வெப்பம் பிடிக்கும் வாயுக்களை மட்டும் கூட்டினால் மழை கூடியது. புகைத் துகள்களை மட்டும் கூட்டினால் குறைந்தது. நடந்த குறைவுக்குத் துகள்களே முதன்மைக் காரணமாகத் தெரிந்தன. இந்தியப் பெருங்கடலின் வேகமான சூடேற்றமும் ஒரு காரணம் என்று ராக்ஸி மேத்யூ கோல் முதலியோர் காட்டியிருக்கிறார்கள். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி சூடாகியது, உலகக் கடல்களின் சராசரியோ 0.7. மொத்த மழை குறைந்த அதே காலத்தில் மத்திய இந்தியாவில் பரவலான பெருமழை நிகழ்வுகள் மூன்று மடங்காயின என்பதையும் அவர் குழுவே 2017இல் காட்டியது.

இல்லாத பூமிகளை ஓட்டிப் பார்த்து, இருக்கும் பூமியின் காரணங்களைப் பிரித்தறிவதுதான் மாதிரியின் தனிப்பெரும் பணி என்று நான் கருதுகிறேன். அது ஜோதிடம் அல்ல. ஜோதிடமாக அதை விற்பவர்கள் அதற்குத் தீங்கு செய்கிறார்கள். 2080இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் மழை எத்தனை விழுக்காடு மாறும் என்று தசமப் புள்ளியோடு வண்ணம் தீட்டிய வரைபடங்களைத் திட்ட அறிக்கைகளில் பார்க்கிறோம். 200 கிலோமீட்டர் கட்டத்தின் விடையைப் புள்ளியியல் வழியில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் படம் கூர்மையாகும், அறிவு கூர்மையாகாது. மூல மாதிரி மலையையே காணவில்லை என்றால் வெட்டிய துண்டும் காணாது. அந்த வரைபடத்தை நம்பி ஏரி தூர்வாரும் பணத்தையும் பாசனத் திட்டத்தையும் பங்கிடுவது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

நேர்மையான விடை எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. உலகமே அதைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, கேர்ட் யான் வான் ஓல்டன்போர்க் முதலிய பன்னாட்டு ஆய்வாளர்கள் அளவீடுகளையும் மாதிரிகளையும் ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள்: வெப்பமயமாதலின் தடத்தை இந்த மழையில் காண முடியவில்லை. வங்கக்கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் சூடேறவில்லை. காற்று மாசு வெப்பத்தை மறைத்திருக்கலாம் என்றார்கள். இந்த ‘இல்லை’யை மறுப்பாளர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதினார்கள். மற்ற இடங்களில் அவர்கள் ‘ஆம்’ என்று சொல்லும்போது நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

அந்த ஆய்வு எழுப்பும் அச்சமும் உண்டு. புகை வெப்பத்தை மறைத்திருக்கிறது என்றால், புகை விலகும் நாளில் என்ன நேரும்? கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக்கணக்கில் தங்கும். 1958இல் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தாழ்ந்த காற்றிலுள்ள புகைத் துகளோ ஒன்றிரண்டு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். மக்கள் மூச்சுவிடுவதற்காகக் காற்றைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் சுத்தமானவுடன் வங்கக்கடல் எவ்வளவு வேகமாகச் சூடேறும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை என்னவாகும் என்பது தமிழ்நாட்டின் கேள்வி. மாநிலம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறும் இந்தப் பருவத்துக்கு, தென்மேற்குப் பருவமழைக்குக் கிடைத்த ஆய்வுக் கவனத்தில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை.

கட்டங்கள் இப்போது சுருங்கிவருகின்றன. 2025 மே மாதம் புனே நிறுவனத்தின் புதிய முன்னறிவிப்பு மாதிரி 6 கிலோமீட்டர் கட்டத்தோடு நடைமுறைக்கு வந்தது. அது சில நாட்களின் வானிலைக்கானது. நூற்றாண்டு ஓட்டத்துக்கு அந்த நுட்பம் வர இன்னும் காலம் ஆகும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வானிலையை வியக்கத்தக்க வேகத்தில் கணிக்கின்றன. ஆனால் அவை கடந்த காலத் தரவில் பயின்றவை; பூமி இதுவரை காணாத வெப்பத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவற்றை மட்டும் நம்ப முடியாது. இரண்டுக்கும் அடியில் ஒரே தேவை இருக்கிறது: அளவீடு. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகள் கடலின் வெப்பத்தையும் உப்பையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றன. பார்படோஸில் சிறு மேகங்களை அளந்ததுபோல், வடகிழக்குப் பருவத்தின் மேகங்களை நாகப்பட்டினத்துக்கும் திரிகோணமலைக்கும் கிழக்கே பல பருவங்கள் தொடர்ந்து விமானங்களும் கப்பல்களும் அளக்க வேண்டும். அதற்கான செலவு ஒரு பெருங்கணினியின் விலையில் சிறு பகுதிதான். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. புகை இருக்கும் நிலையில் ஒரு முறையும் விலகிய பின் இன்னொரு முறையும் அளந்தால்தான் ஒப்பிடவே முடியும்.